புளியங்கொட்டைக் கஞ்சி

கை ஈரமாக இருந்ததால் சாதிக் பாய் போனை ஸ்பீக்கரில் போட்டு, தராசு வைத்திருந்த மேஜையின் ஓரத்தில் வைத்தார். நான் எதிரே நின்று வடிதாள்களை மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் சோதனைக்கூடம் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. எவ்வளவு முக்கியமான பேச்சாக இருந்தாலும் லாரிச் சத்தத்தோடு சேர்த்துத்தான் எங்கள் காதுக்கு வரும்.

பேசியவர் எங்கள் முதலாளி மூர்த்தி சார். வடக்கே, மலைப்பக்கம் உள்ள ஒரு செம்புச் சுரங்கத்திலிருந்து பேசினார்.

"எல்லாம் மேல வருது சாதிக்."

"எது சார்?"

"பைரைட்டுதான், வேற எது? உன் கஞ்சி ஒண்ணுமே பண்ணல. பித்தளைப் பொடி தூவின மாதிரி நுரை பொங்கி வழியுது. இங்க இருக்கறவங்க எல்லாரும் நுரையப் பாக்கறாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பாக்கறாங்க."

"ஒரு நிமிசம் சார். கஞ்சிய நல்லா காய்ச்சிதான ஊத்துனாங்க? கட்டி கிட்டி தட்டிச்சா?"

"நீ சொன்னபடிதான் எல்லாம். நானே பக்கத்துல நின்னு பார்த்தேன். வச்சிடறேன், கூப்பிடறாங்க."

பாய் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் சின்னத் தொட்டியிடம் போனார். காலையில் ஆரம்பித்த சோதனை அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நுரை கறுப்பும் பச்சையுமாக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. அதில் ஒரு விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இங்க பைரைட்டு சமத்தா அடில உக்காந்துகினு கீது மேடம்," என்றார். "அதே கஞ்சி, அதே கல்லு."

மடித்த வடிதாளைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

அடுத்த பந்தி

போன வாரம் இந்தப் பத்தியில் சோதனைக்கூடத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தாராம். கல்லிலிருந்து எப்படி அம்மா நுரை வரும் என்று அவருக்குச் சந்தேகம். நியாயமான கேள்விதான். என் சொந்த அக்காவே, நான் ஏதோ சோப்புக் கம்பெனியில் வேலை பார்ப்பதாகத்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுரங்கத்திலிருந்து வரும் கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலக்கி, அதற்கென்று உள்ள சரக்கை இரண்டு சொட்டு விட்டு, அடியிலிருந்து காற்றை ஊதினால் நுரை பொங்கும். செம்பு உள்ள துகள்கள் தண்ணீரில் நனைய மாட்டோம் என்று அடம்பிடித்துக் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடும். வெறும் மண் அடியில் தங்கிவிடும். நுரையை வழித்து எடுத்தால் செம்பு. இவ்வளவுதான் விஷயம்.

சிக்கல் எங்கே என்றால், செம்புத் தாதுவோடு பைரைட் என்று ஒரு பங்காளி இருக்கும். கந்தகமும் இரும்பும் சேர்ந்தது. பார்க்கத் தங்கம் மாதிரி மின்னும், பைசா பெறாது. அதுவும் செம்பைப் போலவே குமிழியில் தொற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். வந்தால் சரக்கு கெட்டது.

கல்யாண வீட்டில் பந்தி வாசலில் ஒரு மாமா நிற்பார், கவனித்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீட்டாரை உள்ளே விட்டுவிட்டு, மற்றவர்களை "நீங்க அடுத்த பந்தி" என்று கையைக் குறுக்கே நீட்டி நிறுத்துவார். நுரைத் தொட்டியில் அந்த வேலையைச் செய்யும் சரக்குக்கு டிப்ரஸன்ட் என்று பெயர். பைரைட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அதைக் குமிழியிடம் அண்டவிடாமல் கீழேயே உட்கார வைத்துவிடும்.

பல காலமாக அந்த மாமா வேலையைச் செய்துவந்தது சயனைடு. துளியூண்டு போதும், வேலை கச்சிதமாக நடக்கும். அந்தச் சுரங்கத்திலும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு சாவி

எங்கள் கூடத்தில் சயனைடு வைத்திருந்த இரும்பு அலமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி. ஒன்று சாதிக் பாயிடம், ஒன்று என்னிடம். ஒருவர் மட்டும் வந்து திறக்க முடியாது. நான் லீவு போட்டால் அன்று அந்தச் சோதனை இல்லை. வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போனால் திரும்பி வரும்வரை நான் ஈ ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த இரண்டு சாவிதான் எங்களைச் சிநேகிதர்கள் ஆக்கியது. இல்லாவிட்டால் ராயபுரத்தில் துறைமுக கிரேன் ஓட்டுநரின் மகளான எனக்கும், பழைய வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்தவரின் மகனான அவருக்கும் குட்மார்னிங்கைத் தாண்டிப் பேச்சு வளர்ந்திருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. சயனைடில் லேசாகக் கசந்த பாதாம் வாசனை வரும். சிலருடைய மூக்குக்கு அது பிறவியிலேயே எட்டாது. எனக்கு எட்டும், பாய்க்கு எட்டாது. அதனால் அவர் அந்தக் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் நான் வாசலருகே நிற்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

"மூக்கு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பார்.

"வந்தாச்சு பாய்."

"ஜலதோசம் கிலதோசம் இல்லையே? அப்பால என்னிய மேல அனுப்பிட போறீங்க."

விளையாட்டாகப் பேசினாலும் அவருக்கு அந்தச் சரக்கின் மேல் ஒரு வெறுப்பு இருந்தது. சோதனை முடிந்த கழுவு நீரில் ப்ளீச்சிங் கலந்து, விஷம் முறிந்ததைப் பரிசோதித்துவிட்டுத்தான் வெளியே விடுவோம். விட்ட பிறகும் அவர் பின்பக்கம் போய் நின்று கால்வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கால்வாய் வளைந்து வளைந்து கழிமுகத்துக்குப் போகிறது. அங்கே குப்பத்து ஆட்கள் மார்பளவு தண்ணீரில் இறங்கி, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். கழுத்தில் கட்டிய பையில் போட்டுக்கொள்வார்கள்.

"இதுல ஏற்கெனவே சாம்பலு, சுடுதண்ணி, எண்ணெய்னு அல்லாம் வர்து," என்பார். "நம்மளுது ஒரு சொட்டு கூட போவ வேணாம் மேடம். இந்த பீரோ காலியாவணும். காலி பண்ணிட்டு அதுல டீ கிளாஸ் அடுக்கணும். அதான் என் ஆசை."

கேட்கச் சின்ன ஆசை மாதிரித் தெரியும். சயனைடு செய்யும் வேலையை வேறு ஒரு சரக்கு செய்தாக வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் முயற்சி செய்துவிட்டு விட்டுப்போன காரியம் அது.

பொட்டலம்

அவருடைய அத்தா வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் கஞ்சி மாவுக் கடை வைத்திருந்தார். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்த மாவு. துணிக்கு விறைப்பு ஏற்றுகிறவர்களும், பசை காய்ச்சுகிறவர்களும் வாங்கிப் போவார்கள். கடைக்குள் நுழைந்தாலே வறுத்த வாசனை. பாய் அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் வேதியியலில் எம்.எஸ்ஸி. வரை படித்தார். கல்லூரியில் அவருக்குக் 'கஞ்சி' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். சொல்லும்போது சிரிப்பார், ஆனால் அது அவருக்குப் பிடித்ததில்லை.

ஒருநாள் காலையில் ஒரு பொட்டலத்தை என் மேஜையில் வைத்தார்.

"இன்னாது பாய், சுண்டலா?"

"எங்க கடை மாவு. இது பஞ்சுல ஒட்டும், காயிதத்துல ஒட்டும். கல்லுல ஒட்டாதான்னு ராத்திரி திடீர்னு தோணிச்சி."

மாவைக் காய்ச்சி, நீர்க்கக் கரைத்து, சயனைடுக்குப் பதிலாக அதைத் தொட்டியில் ஊற்றினார். மோட்டாரைப் போட்டோம். காற்றுக் குழாயைத் திறந்தோம். நுரை வந்தது. வழித்துக் காயவைத்துச் சோதித்தபோது பைரைட் ஏறக்குறைய முழுவதும் அடியிலேயே தங்கியிருந்தது.

நாங்கள் நம்பவில்லை. மறுநாள் செய்தோம், வந்தது. அந்த வாரம் முழுக்கச் செய்தோம், வந்தது. அவர் குதிக்கவில்லை, கூச்சல் போடவில்லை. எதிர்க்கடையில் இரண்டு டீயும் சமோசாவும் வாங்கிவந்து வைத்துவிட்டு, "உக்காந்திச்சி மேடம்" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் நான் லேசில் அழுகிற ஆள் இல்லை.

மூர்த்தி சாரும் நல்ல மனிதர்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும். வந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், "சாதிக், இது மட்டும் அங்க ஓடிடுச்சுன்னா உனக்குத் தனியா ஒரு பிரிவு. நீதான் தலைமை," என்றார். பல மாதம் சோதனை செய்தோம். சுரங்கத்துக்காரர்களும் ஒருநாள் ஆலையில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார்கள். மூர்த்தி சாரும் பாயும் சேர்ந்து போவதாக ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

அந்த வாரம் பார்த்து அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாயால் போக முடியவில்லை. மாவை டின்னில் அடைத்து, எப்படிக் காய்ச்ச வேண்டும், எப்போது ஊற்ற வேண்டும் என்று மூர்த்தி சாருக்குப் பாடம் எடுக்காத குறையாகச் சொல்லி அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் முதலில் சொன்ன அந்தப் போன்.

நம்ப முடியாத கை

மூர்த்தி சார் திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது. அங்கே அன்றைய சரக்கு மொத்தமும் வீணாகிவிட்டது. பழையபடி சயனைடையே போட்டுக்கொள்கிறோம், இனிமேல் உங்கள் பக்கமே வர மாட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரிய அவமானம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

"கஞ்சி காய்ச்சுற குடும்பத்துல இருந்து வந்தவன் பேச்சைக் கேட்டுட்டு அவ்வளவு தூரம் ஓடினேன் பாரு, என் புத்தியச் சொல்லணும்."

"சார், இப்படிப் பேசாதீங்க. நானும் கூட இருந்து செஞ்சதுதான்," என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பாய் மெதுவாகத்தான் பேசினார். "என்னிய சொல்லுங்க சார், கேட்டுக்கறேன். எங்க அத்தாவ இஸ்துகினு வராதீங்க. அவுரு ஆஸ்பத்திரில கீறாரு."

அதோடு கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். போகவில்லை. தினமும் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வருவார், கஞ்சி காய்ச்சுவார், தொட்டியை ஓட்டுவார். ஒவ்வொரு தடவையும் பைரைட் ஒழுங்காகக் கீழே உட்காரும். உட்கார உட்கார அவர் முகம் வாடியது. வேலை செய்யாமல் போயிருந்தாலாவது எங்கே தப்பு என்று தேடியிருக்கலாம்.

"என் கைலதான் இன்னாவோ கோளாறு மேடம். நான் பண்ணா மட்டும் வர்து."

"நான் பண்றேன், தள்ளுங்க," என்று நான் செய்து காட்டினேன். எனக்கும் வந்தது.

அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "நீங்க என் தோஸ்து. ஒங்க கையும் எனக்கு சாதகமாதான் பண்ணும்."

தன் கண்ணையே ஒரு மனிதர் சந்தேகப்படத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய முடியும்? நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மாவு பயணத்தில் கெட்டிருக்கும் என்றேன். அங்கே மோட்டார் வேகம் சரியில்லாமல் இருந்திருக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அத்தா உயிரோடு வீடு திரும்பினார், ஆனால் கடையில் உட்கார முடியாத நிலை. கடைக்கு ஆள் வேண்டும். ஒரு மாலை பாய் தன் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு சாவியும் ஒருவர் கையில் இருக்கக் கூடாது என்பது விதி. மறுநாள் காலை அதை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவருக்குப் பாதாம் வாசனை நன்றாகத் தெரியும். நான் வாசலில் நிற்க வேண்டிய அவசியம் அதற்குப் பிறகு வரவில்லை.

வந்த தண்ணீர், வராத தண்ணீர்

வருஷங்கள் ஓடின. எண்ணூர்க் கட்டடத்தின் கம்பியை உப்புக்காற்று தின்று, கூரை பெயர்ந்து விழ ஆரம்பித்தது. கூடத்தை மாதவரத்துக்கு மாற்றினார்கள். மூர்த்தி சார் ஓய்வு பெற்று மகன் கையில் ஒப்படைத்துவிட்டார்.

சமீபத்தில் ஒரு புதிய சுரங்கத்தார் செம்புக் கல்லை அனுப்பி, சயனைடு இல்லாமல் வழி உண்டா என்று கேட்டார்கள். எனக்கு உடனே கஞ்சிதான் நினைவுக்கு வந்தது. என்னோடு வேலை செய்யும் கவிதாவிடம், "ஒரு வித்தை காட்டறேன் பாரு," என்று பெருமை அடித்துக்கொண்டு காய்ச்சி ஊற்றினேன்.

பைரைட் முழுவதும் மேலே வந்தது. பித்தளைப் பொடி தூவிய நுரை. மூர்த்தி சார் போனில் சொன்னதை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன்.

அப்படியானால் எண்ணூரில் நாங்கள் பார்த்ததெல்லாம் என்ன? பாய் சொன்னபடி எங்கள் கையே எங்களை ஏமாற்றியதா? பேசாமல் தொட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். கவிதா ஏற்கெனவே அங்கே கண்ணாடிக் குடுவைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழாயடி முழுக்கச் சோப்பு நுரை.

"என்னம்மா, ஒரு பாக்கெட் பவுடரையும் கொட்டிட்டியா?"

"ஒரு சிட்டிகைதான் மேடம். இங்க தண்ணி நல்ல தண்ணி. எங்க திருவொத்தியூர் வூட்லதான் எவ்ளோ போட்டாலும் நொர வராது."

கழுவ எடுத்துவந்த தொட்டியை நான் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர் என்றால் இரண்டே வகைதான். வந்த தண்ணீர், வராத தண்ணீர். லாரி வந்தால் குடத்தில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். கடல் உள்ளே ஏறிவிட்ட பூமி. உப்பு, சுண்ணாம்பு என்று சகலமும் அதில் கரைந்திருக்கும். வாயில் வைக்க முடியாது, பாத்திரத்தில் வெள்ளை படியும், தலையில் ஊற்றினால் சிக்கு விழும். அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மோட்டாரைப் போட்டால் ஏதோ ஒன்று வருகிறதே, அதுவே பெரிய விஷயம். எண்ணூரில் அந்தத் தொட்டியை நாங்கள் நிரப்பியது அந்தத் தண்ணீரால்தான். சுரங்கத்திலிருந்து கல்லை வரவழைத்தோம். அவர்கள் ஊர்த் தண்ணீரில் ஒரு கேன் வரவழைக்க வேண்டும் என்று படித்தவர்கள் இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தண்ணீரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

மறுநாளே எண்ணூருக்கு ஒரு கேனை எடுத்துக்கொண்டு போனேன். பழைய கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சர் கடையில் அதே நிலத்தடித் தண்ணீர்தான். கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூஞ்சி கழுவகூட ஆவாதும்மா இது. இத்தயா மாதவரத்துக்கு எடுத்துகினு போறீங்க?"

அந்தத் தண்ணீரை ஊற்றினேன், கஞ்சியை ஊற்றினேன். பைரைட் அடியில் போய் உட்கார்ந்தது. பிறகு மாதவரத்து நல்ல தண்ணீரிலேயே கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் உட்கார்ந்தது.

கஞ்சி தனியாகப் பைரைட்டில் சரியாக ஒட்டாது. நடுவில் பிடித்துவைக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். எண்ணூரில் அதை மண்ணே இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. மலைச் சுரங்கத்தில் ஆற்றுத் தண்ணீர். வெற்றிலைக் கடையில் கிடைக்கும் சாதாரணச் சுண்ணாம்பு கொஞ்சம் இருந்திருந்தால் போதும். அந்தச் சயனைடு நின்றிருக்கும். பாய்க்குத் தனிப் பிரிவு கிடைத்திருக்கும்.

அதைவிட ஒன்று. அன்று அத்தாவுக்கு உடம்புக்கு வராமல் பாய் மட்டும் அந்த ஊருக்குப் போயிருந்தால், முதல்நாள் காலையில் குளிக்கும்போதே கண்டுபிடித்திருப்பார். சோப்பு சொல்லிக் கொடுத்திருக்கும்.

மூர்த்தி சாருக்குப் போன் செய்து சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவன்கிட்ட போய்ச் சொல்லிடு ஸ்டெல்லா. நான் சொன்னேன்னும் சொல்லு, பாவம்," என்றார்.

கடையில்

வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டேன். போகும் வழியெல்லாம் அவர் முகம் எப்படி மலரும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் சந்தித்துக்கொண்டது கல்யாணம், துக்கம் என்று நாலைந்து தடவைதான். ஒரு தடவைகூட அவர் கூடத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

கடை அப்படியே இருந்தது. மூட்டைகளுக்கு நடுவே பாய் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை, அதில் பாதி மாவு. அத்தா போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது எனக்கு முன்பே தெரியும்.

"இன்னா மேடம், இவ்ளோ தூரம்? சொல்லி அனுப்பிச்சா நானே வந்திருப்பனே. குந்துங்க, டீ சொல்றேன்."

டீ வருவதற்குள் நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கவிதாவின் சோப்பு நுரை, பஞ்சர் கடைத் தண்ணீர், சுண்ணாம்பு, மூர்த்தி சார் சொல்லச் சொன்னது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். "நம்ம கை இல்ல பாய், தண்ணி. நீங்க கண்டுபிடிச்சது சரிதான். அன்னிக்கே சரிதான்," என்று முடித்தேன்.

அவர் முகம் மலரவில்லை. டீ கிளாஸை வைத்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நீங்க இத்த சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம்."

"ஏன் பாய்?"

"தப்பு நம்மளுதுன்னு நெனச்சிகினு ஒரு மாதிரி பழகிட்டேன். மொதல்ல பேஜாராதான் இருந்திச்சி. அப்பால சரியாப்பூட்ச்சி. நமக்கு அவ்ளோதான் அறிவு, கடைதான் நமக்குன்னு ஆயிட்ச்சி. தூக்கம்லாம் நல்லா வர்து." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்ப வந்து நான் கரெக்ட்டுன்றீங்க. அப்ப இத்தினி வருசம் இங்க குந்திகினு இருந்தனே, அத்த நான் இன்னா பண்றது?"

நல்ல சேதி என்று நினைத்து நான் கொண்டுபோனது நல்ல சேதி இல்லை என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் புரிந்தது. ஸ்வீட் பாக்ஸைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்த நேரம் பசை காய்ச்சுகிறவர் ஒருவர் மாவு கேட்டு வந்தார். பாய் எழுந்து நிறுக்கப் போனார். "கோச்சிக்காதீங்க மேடம், டீய குடிங்க, ஆறிடும்," என்றார் முதுகைக் காட்டியபடியே. குடித்தேன். சொல்லிக்கொண்டு கிளம்பினேன். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, என்மேல்தான் ஏதோ கோபமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம். திரும்பினால் பாய். கையில் மாவு அப்படியே இருந்தது. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"சுண்ணாம்பு எவ்ளோ போட்டீங்க?"

சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். உதடு மட்டும் லேசாக அசைந்தது. மனக்கணக்குப் போடும்போது அவருக்கு அது பழக்கம்.

"ஜாஸ்தி," என்றார். "அவ்ளோ போட்டா பைரைட்டோட சேந்து செம்பும் உக்காந்துக்கும். பாதி போடுங்க, போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பி நடந்துவிட்டார். கூப்பிட்டேன், லாரிச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ, அவர் நிற்கவில்லை.

மறுநாள் பாதி சுண்ணாம்பு போட்டு ஓட்டினோம். பைரைட் அடியிலேயே இருந்தது. செம்பு முந்தைய தடவைகளைவிட அதிகமாக மேலே வந்தது. கவிதா கை தட்டினாள்.

அதை அவரிடம் சொல்ல நான் இன்னும் போகவில்லை.